உயிரியலுக்குப் பாடநூலா, வினா வங்கியா, பழைய தாளா?

போட்டித் தேர்வின் பொது அறிவுப் பகுதியில் உயிரியலுக்கு வரும் கேள்விகள் குறைவு, பாடப்பரப்போ பெரிது. செல்லில் தொடங்கி சூழலியல் வரை நீளும் பாடத்தில் எந்தப் பக்கத்திலிருந்து கேட்பார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. வரலாறு, அரசியலமைப்பு, பொருளாதாரம், கணக்கு எல்லாம் அதே மேஜையில் காத்திருக்கும்போது உயிரியலுக்கு எவ்வளவு நேரம் கொடுப்பது, அந்த நேரத்தை எதில் செலவழிப்பது என்பதுதான் உண்மையான சிக்கல்.

கையில் இருக்கும் வழிகள் நான்கு. பள்ளிப் பாடநூல்களை வரிசையாகப் படிப்பது, ஒரு வரி வினா-விடைத் தொகுப்பை, அதாவது வினா வங்கியை, மனப்பாடம் செய்வது, பழைய கேள்வித்தாள்களைத் தீர்ப்பது, காணொளிப் பாடங்களைப் பார்ப்பது. "நான்கையும் செய்யுங்கள்" என்று சொல்பவர்கள் உண்டு. நேரம் இருப்பவருக்கு அறிவுரையே தேவையில்லை, ஆகையால் அதை விட்டுவிடுவோம்.

உயிரியல் முழுவதற்கும் ஒரே வழி என்று பிடித்துக்கொள்வதுதான் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் என்பது என் கருத்து. இந்தப் பாடத்துக்குள் இரண்டு விதமான சரக்கு இருக்கிறது. ஒன்று வெறும் அட்டவணை: எந்த வைட்டமின் குறைந்தால் எந்த நோய், எந்தக் கிருமியால் எந்தக் காய்ச்சல், யார் எந்த ஆண்டில் கண்டுபிடித்தார். மற்றொன்று இயக்கம்: ரத்தம் எப்படிச் சுற்றுகிறது, ஒளிச்சேர்க்கையில் என்ன நடக்கிறது, ஒரு பண்பு பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு எப்படிப் போகிறது. முதல் வகையைப் பாடநூலில் தேடிப் படித்தால் நேரம் வீண். இரண்டாம் வகையை ஒரு வரியில் மனப்பாடம் செய்தால் கேள்வி சற்றுத் திரும்பினாலும் கைவிட்டுப் போகும்.

ஒரு வரி வினா-விடை

இதை மட்டமாகப் பேசுவது ஒரு வழக்கமாகிவிட்டது. ஆனால் சில தலைப்புகளுக்கு இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது. வைட்டமின்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஏ குறைந்தால் மாலைக்கண், பி1 குறைந்தால் பெரிபெரி, பி3 குறைந்தால் பெல்லாக்ரா, சி குறைந்தால் ஸ்கர்வி, டி குறைந்தால் ரிக்கெட்ஸ், கே குறைந்தால் ரத்தம் உறைவதில் சிக்கல். கூடவே வேதிப்பெயர்கள்: ரெட்டினால், தயமின், நியாசின், அஸ்கார்பிக் அமிலம், கால்சிஃபெரால். பி, சி இரண்டும் நீரில் கரையும், ஏ, டி, இ, கே நான்கும் கொழுப்பில் கரையும். இவ்வளவுதான். ஒரு பக்கத் தாளில் எழுதி வைத்தால் முடிந்துபோகிற விஷயத்துக்கு ஒரு அத்தியாயம் முழுக்க உட்கார்ந்து படிக்க வேண்டியதில்லை.

தனிமங்களும் அப்படியே. ஹீமோகுளோபினில் இரும்பு, பச்சையத்தில் மக்னீசியம், வைட்டமின் பி12-இல் கோபால்ட், தைராக்சினில் அயோடின். கண்டுபிடிப்புகளின் ஆண்டுகளும் இந்தக் கணக்கில்தான் சேரும். ஹார்வி ரத்த ஓட்டத்தை விளக்கி நூல் வெளியிட்டது 1628, ராபர்ட் ஹூக் தக்கையில் செல்களைப் பார்த்து எழுதியது 1665, ராபர்ட் பிரவுன் உட்கருவுக்குப் பெயர் வைத்தது 1831, ஜென்னர் பெரியம்மைத் தடுப்பூசி போட்டது 1796, கோக் காசநோய்க் கிருமியை அறிவித்தது 1882, ஃபிளெமிங் பெனிசிலினைக் கண்டது 1928, வாட்சனும் கிரிக்கும் டிஎன்ஏ வடிவத்தை வெளியிட்டது 1953. இவற்றைப் புரிந்து படிக்க எதுவும் இல்லை, திரும்பத் திரும்பப் பார்க்கத்தான் வேண்டும்.

சரி, எங்கே உதைக்கிறது? ஒரு சொல் மாறும் இடத்தில். "உடலின் மிகப்பெரிய சுரப்பி கல்லீரல்" என்று படித்திருப்பீர்கள். கேள்வியில் "மிகப்பெரிய நாளமில்லாச் சுரப்பி" என்று கேட்டால் விடை தைராய்டு. "மிகப்பெரிய உறுப்பு" என்றால் தோல், "மிகப்பெரிய உள்ளுறுப்பு" என்றால் மறுபடியும் கல்லீரல். "எலும்புகளின் எண்ணிக்கை 206" என்பது வளர்ந்தவருக்கு. பிறந்த குழந்தைக்குச் சுமார் 300, வளர வளரச் சில ஒன்றோடொன்று இணைந்துவிடுகின்றன. நீரிழிவு என்றதும் இன்சுலின் நினைவுக்கு வரும், ஆனால் டயாபடிஸ் இன்சிபிடஸ் என்பது வாசோபிரெசின் என்ற ஹார்மோன் குறைவால் வருவது, அதற்கும் ரத்தச் சர்க்கரைக்கும் தொடர்பில்லை. கேள்வி தயாரிப்பவருக்கு இந்த இடங்கள் நன்றாகத் தெரியும். அவர் வினாவிலிருந்து ஒரு சொல்லை மட்டும் மாற்றுவார், நமக்கு நினைவில் இருப்பதோ விடை மட்டும்.

கூற்று-காரணம் வகைக் கேள்விகளில் நிலைமை இன்னும் மோசம். கூற்று: பித்தநீர் கொழுப்புச் செரிமானத்துக்கு உதவுகிறது. காரணம்: பித்தநீரில் செரிமான நொதிகள் இல்லை. இரண்டுமே உண்மை, ஆனால் காரணம் கூற்றை விளக்கவில்லை. பித்தநீர் கொழுப்பைச் சிறு துளிகளாக உடைப்பதால்தான் கணையத்திலிருந்து வரும் லைபேஸ் என்ற நொதி வேலை செய்ய இடம் கிடைக்கிறது. இந்த ஒரு வாக்கியம் தெரியாதவருக்கு அந்த மதிப்பெண் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

இன்னொரு குறை, தொகுப்புகள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்படுவது. தவறு ஒருமுறை நுழைந்தால் வெளியே போவதே இல்லை. நாக்கின் நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு என்ற வரைபடத்தை இன்னும் பார்க்கலாம். உண்மையில் எல்லாச் சுவைகளுக்குமான ஏற்பிகளும் நாக்கின் சுவையறியும் பகுதிகள் அனைத்திலும் இருக்கின்றன. தொகுப்புகளை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. மனிதக் குரோமோசோம்கள் 48 என்று 1923-இல் பெயின்டர் எண்ணிச் சொன்னதை அறிவியல் உலகமே முப்பது ஆண்டுகளுக்கு மேல் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது. ஜோவும் லெவானும் 1956-இல் வெளியிட்ட பிறகுதான் 46 என்று ஆனது. ஆனால் பாடநூல் மறுபதிப்பில் திருத்தப்படும். வினா வங்கியைத் திருத்த ஒருவரும் பொறுப்பில்லை.

பாடநூல்

பாடநூலின் பலம் அது விவரமாக இருப்பதில் இல்லை. ஒரு விளக்கத்தைப் புரிந்துகொண்டால் நாலைந்து விடைகளை நாமே உருவாக்கிக்கொள்ளலாம், அதுதான் பலம். ரத்த வகைகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. லாண்ட்ஸ்டெய்னர் 1901-இல் வெளியிட்ட ஆய்வின் சாரம் இரண்டே விஷயம்: சிவப்பணுக்களின் மேற்பரப்பில் ஏ, பி என்ற ஆன்டிஜன்கள் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எந்த ஆன்டிஜன் இல்லையோ அதற்கு எதிரான ஆன்டிபாடி பிளாஸ்மாவில் இருக்கும்.

இதிலிருந்து புறப்படுங்கள். ஓ வகையில் ஆன்டிஜன் எதுவும் இல்லை, அதனால் பெறுபவரின் ஆன்டிபாடி தாக்குவதற்கு எதுவும் கிடையாது, பொதுக் கொடையாளர். ஏபி வகையில் இரண்டு ஆன்டிஜன்களும் உண்டு, ஆன்டிபாடி இல்லை, பொதுப் பெறுநர். 1940-இல் லாண்ட்ஸ்டெய்னரும் வீனரும் அறிவித்த ஆர்ஹெச் காரணியையும் (இதுவும் ஓர் ஆன்டிஜன், இருந்தால் பாசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ்) சேர்த்தால் பொதுக் கொடையாளர் ஓ நெகட்டிவ், பொதுப் பெறுநர் ஏபி பாசிட்டிவ். ஆர்ஹெச் நெகட்டிவ் தாய்க்கு ஆர்ஹெச் பாசிட்டிவ் குழந்தை உண்டானால் முதல் பிரசவத்தைவிட அடுத்ததில் ஏன் ஆபத்து அதிகம் என்பதும் இதே தர்க்கம்தான்: தாயின் உடல் ஆன்டிபாடி தயாரிக்க முதல் முறை நேரம் எடுக்கும், இரண்டாம் முறை அது தயாராக இருக்கும். அப்புறம் மரபியல். பெற்றோர் ஏபி, ஓ என்றால் பிள்ளை ஏ அல்லது பி, ஒருபோதும் ஏபியோ ஓவோ ஆகாது. பெற்றோர் ஏ, பி என்றால் நான்கு வகையில் எதுவும் சாத்தியம். வினா வங்கியில் இவை ஐந்து தனித்தனி வரிகள். பாடநூலில் இரண்டு பத்தி.

தமனி-சிரை விஷயமும் இப்படித்தான். "தமனியில் ஆக்சிஜன் மிகுந்த ரத்தம், சிரையில் குறைந்த ரத்தம்" என்று ஒரு வரியாகப் படித்தவருக்கு நுரையீரல் தமனி ஒரு விதிவிலக்கு, தனியாக மனப்பாடம் செய்ய வேண்டும். இதயத்திலிருந்து வெளியே கொண்டுபோவது தமனி, இதயத்துக்குக் கொண்டுவருவது சிரை என்று படித்தவருக்கு விதிவிலக்கே இல்லை. ஆக்சிஜன் குறைந்த ரத்தத்தை இதயத்திலிருந்து நுரையீரலுக்குக் கொண்டுபோகும் குழாய் தமனியாகத்தான் இருக்க முடியும்.

ஒளிச்சேர்க்கையில் வெளிவரும் ஆக்சிஜன் எதிலிருந்து வருகிறது என்பது தேர்வாளர்களின் பிரியமான கேள்வி. கார்பன் டை ஆக்சைடு என்று குறித்துவிட்டு வருபவர்கள் ஏராளம். நீரிலிருந்து என்பதே சரி. 1941-இல் ரூபனும் கேமனும் ஆக்சிஜன்-18 ஐசோடோப்பைக் கொண்டு இதைக் காட்டினார்கள். பசுங்கணிகத்துக்குள் தட்டுகள் போல் அடுக்கியிருக்கும் கிரானாவில் ஒளி வினை, அங்கேதான் நீர் பிளக்கப்படுகிறது. அதைச் சுற்றியுள்ள ஸ்ட்ரோமாவில் இருள் வினை, அங்கே கார்பன் டை ஆக்சைடு சர்க்கரையாக மாறுகிறது. இருள் வினைக்கு ஒளி நேரடியாகத் தேவையில்லையே தவிர அது இரவில் நடக்கும் வேலை இல்லை. இந்தப் படத்தை ஒருமுறை மனதில் வாங்கிக்கொண்டால் இடம் கேட்டாலும், விளைபொருள் கேட்டாலும், வரிசை கேட்டாலும் தடுமாற்றம் வராது.

அப்படியென்றால் பாடநூலை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படிப்பதா? வேண்டாம். செல், ரத்தமும் சுற்றோட்டமும், செரிமானம், நாளமில்லாச் சுரப்பிகள், சிறுநீரகம், மரபியல், ஒளிச்சேர்க்கை, நோய்த்தடுப்பு, விலங்கு வகைப்பாடு ஆகிய அத்தியாயங்கள் நேரத்துக்கு ஈடு தருபவை. பூக்காத் தாவரங்களின் வாழ்க்கைச் சுழற்சி, திசுவியலின் நுண்ணிய பிரிவுகள், ஒவ்வொரு தொகுதியின் கிளைப்பிரிவுகள் போன்றவை பொது அறிவுத் தேர்வுக்கு அபூர்வமாகவே உதவும். வகைப்பாட்டில்கூட முழு மரமும் தேவையில்லை. இதய அறைகள்: மீனுக்கு இரண்டு, இருவாழ்விகளுக்கு மூன்று, ஊர்வனவற்றுக்கு மூன்று, அவற்றில் முதலைக்கு மட்டும் நான்கு, பறவைகளுக்கும் பாலூட்டிகளுக்கும் நான்கு. திமிங்கலமும் வௌவாலும் பாலூட்டிகள், பிளாட்டிபஸ் முட்டையிடும் பாலூட்டி. சிலந்திக்கு எட்டுக் கால், அது பூச்சி இல்லை. இந்த அளவுக்குத் தெரிந்தால் பெரும்பாலான கேள்விகளைத் தாண்டிவிடலாம்.

அறிவியல் பட்டதாரிகளுக்குப் பாடநூல் வேறு விதமான ஆபத்து. தெரிந்த பாடம் படிக்கச் சுகமாக இருக்கும், நேரம் அங்கேயே கரையும், பலவீனமான பாடங்கள் தொடப்படாமல் கிடக்கும். கலைப் பிரிவில் படித்தவர் மனித உடல் பகுதியிலிருந்து தொடங்கினால் பயம் விலகும், ஏனென்றால் அங்கே சொல்லப்படுவதில் பாதி அவருக்கு ஏற்கெனவே அனுபவமாகத் தெரிந்தது.

பழைய கேள்வித்தாள்

பழைய தாள்களைக் கடைசியில் தீர்த்துப் பார்க்கலாம் என்று எடுத்து வைப்பவர்கள்தான் அதிகம். முதலில் எடுக்க வேண்டியது அதுவே. விடை தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எழுதப்போகும் தேர்வின் சில ஆண்டுத் தாள்களை எடுத்து உயிரியல் கேள்விகளை மட்டும் பிரித்து, ஒவ்வொன்றும் அட்டவணை வகையா இயக்க வகையா என்று பக்கத்தில் குறித்துப் பாருங்கள். ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு குணம் உண்டு. சிலவற்றில் நேரடியான ஒரு வரிக் கேள்விகளே ஏராளம். சிலவற்றில் பொருத்துக, கூற்று-காரணம், "சரியான இணை எது" என்று சுற்றிவளைப்பார்கள். முதல் வகைத் தேர்வு எழுதுபவர் பாடநூலில் மூழ்கத் தேவையில்லை. இரண்டாம் வகை எழுதுபவர் வினா வங்கியை நம்பிப் போகக் கூடாது. மற்றவர் அனுபவத்தைக் கேட்டு முடிவெடுப்பதைவிட இந்தப் பிரிப்பு நம்பகமானது.

இன்னொரு பயன், தவறான விடைகளிலிருந்து கிடைப்பது. "வைரஸால் வராத நோய் எது? போலியோ, தட்டம்மை, காலரா, ரேபிஸ்" என்று ஒரு கேள்வி. விடை காலரா என்று குறித்துவிட்டுத் தாண்டிப் போனால் கிடைப்பது ஒரு தகவல். நின்று பார்த்தால் மற்ற மூன்றும் வைரஸ் நோய்கள் என்பதும், காலராவுக்குக் காரணம் விப்ரியோ காலரே என்ற பாக்டீரியா என்பதும் சேரும். அங்கிருந்து அடுத்த வீடுகளுக்கும் போகலாம்: டைஃபாய்டும் காசநோயும் பாக்டீரியா, மலேரியா புரோட்டோசோவா, யானைக்கால் நோய் புழு. மலேரியாவுக்குப் பெண் அனாஃபிலிஸ் கொசு, டெங்குவுக்கு ஏடிஸ், யானைக்காலுக்கு கியூலெக்ஸ். ஒரே கேள்வியைப் பிடித்து ஒரு அட்டவணையே வந்துவிட்டது.

ஆனால் பழைய தாளில் நேற்றைய உலகம்தான் இருக்கும். மருத்துவத்துக்கான 2023 நோபல் பரிசு எம்ஆர்என்ஏ தடுப்பூசிக்கு வழிவகுத்த கரிக்கோ, வைஸ்மன் இருவருக்குக் கிடைத்தது. 2024-இல் மைக்ரோஆர்என்ஏவைக் கண்டுபிடித்த ஆம்ப்ரோஸ், ருவ்குன் பெற்றார்கள். கிரிஸ்பர் மரபணுத் திருத்தத்துக்கு 2020-இல் வழங்கப்பட்டது வேதியியல் நோபல், மருத்துவ நோபல் இல்லை, கவனிக்க. இவை பழைய தாளிலும் கிடைக்காது, பழைய பதிப்புப் பாடநூலிலும் கிடைக்காது. நடப்பு நிகழ்வுகளோடு சேர்த்துத் தனியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதோடு, தாளைக் கேள்விக்குக் கேள்வி மனப்பாடம் செய்பவர்களும் இருக்கிறார்கள். அது வினா வங்கியேதான், உறை மட்டும் வேறு.

காணொளி

இதைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அசையும் விஷயங்களுக்குக் காணொளியை மிஞ்ச எதுவும் இல்லை: இதயத் துடிப்பில் வால்வுகள் திறந்து மூடுவது, மைட்டாசிஸ், மியாசிஸ் என்ற இரு வகைச் செல் பிரிதலுக்கும் உள்ள வேறுபாடு, சிறுநீரகத்தின் நெஃப்ரானில் வடிகட்டுதல், நரம்புத் தூண்டல் பயணிப்பது. பாடநூலின் படத்தைப் பத்து முறை பார்த்தும் பிடிபடாதது சில நிமிடங்களில் பிடிபடும். மற்றபடி வைட்டமின் அட்டவணையை ஒருவர் அரை மணி நேரம் வாசித்துக் காட்டுவதைப் பார்ப்பது படிப்பில் சேராது. பார்த்து முடித்ததும் தெரிந்துவிட்டது போல் ஒரு திருப்தி வரும். தாளை மூடிவிட்டு நான்கு வரி எழுதிப் பார்த்தால் எவ்வளவு நின்றது என்பது தெரிந்துவிடும்.

யாருக்கு எது

ஆறு மாதம் இருப்பவர் பழைய தாளைப் பிரித்துப் பார்த்துவிட்டு, மேலே சொன்ன அத்தியாயங்களைப் பாடநூலில் படிக்கலாம். ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் வினா வங்கியில் அதே தலைப்பைத் திறந்து, விடையை மறைத்துக்கொண்டு தன்னைச் சோதிக்கலாம். வினா வங்கி படிக்கும் புத்தகமாக இருப்பதைவிடச் சோதிக்கும் புத்தகமாக இருக்கும்போது நன்றாக வேலை செய்கிறது. வங்கி சொல்லும் விடைக்கும் பாடநூலுக்கும் முரண் வந்தால், தேர்வு எந்தப் பாடத்திட்டத்தைப் பின்பற்றுகிறதோ அந்தப் பாடநூல் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள். வைரஸ் உயிருள்ளதா இல்லையா, உயிரிகளை விட்டேக்கர் 1969-இல் சொன்னபடி ஐந்து உலகங்களாகப் பிரிப்பதா, வோஸ் 1990-இல் முன்வைத்த மூன்று ஆட்சிப் பிரிவுகளாகப் பார்ப்பதா என்பதெல்லாம் அறிவியலில் சுவையான விவாதங்கள். தேர்வு அறையில் விவாதத்துக்கு இடமில்லை.

இரண்டு மாதம்தான் இருக்கிறதென்றால் பாடநூலை நான்கு அத்தியாயங்களாகச் சுருக்குங்கள்: ரத்தமும் சுற்றோட்டமும், நாளமில்லாச் சுரப்பிகள், மரபியல், ஒளிச்சேர்க்கை. இந்த நான்கில்தான் ஒரு வரி மனப்பாடம் அதிகமாகக் காலை வாரும். மீதி எல்லாவற்றையும் வினா வங்கியிலும் பழைய தாளிலும் முடித்துவிடலாம். இங்கே கொஞ்சம் கல்நெஞ்சம் வேண்டும். சூழலியல் அத்தியாயம் அழகாக இருக்கிறதே என்று உள்ளே போனால் வெளியே வர ஒரு வாரம் ஆகும்.

இரண்டு வாரமே மிச்சம் என்பவர் பாடநூலைத் திறக்காமல் இருப்பதே நல்லது. வைட்டமின்-நோய், நோய்-கிருமி-பரப்பும் உயிரி, சுரப்பி-ஹார்மோன்-குறைபாடு, கண்டுபிடிப்பு-ஆண்டு என்று நான்கு அட்டவணைகளைத் தன் கையால் எழுதித் தினமும் பார்க்கலாம். அச்சில் வாங்கிய அட்டவணையைவிடச் சொந்தக் கையெழுத்தில் எழுதியது மனதில் நிற்கும். ஐந்தாவதாக ஒரு தாள் போட்டு, அதில் ஒரு சொல் மாறினால் விடை மாறும் இணைகளை மட்டும் எழுதுங்கள்: மிகப்பெரிய சுரப்பி, மிகப்பெரிய நாளமில்லாச் சுரப்பி. டயாபடிஸ் மெல்லிடஸ் (சர்க்கரை நோய்), டயாபடிஸ் இன்சிபிடஸ். நுரையீரல் தமனி, நுரையீரல் சிரை. குழந்தையின் எலும்புகள், பெரியவரின் எலும்புகள். தேர்வுக்கு முந்தைய நாள் நேரம் குறைவாக இருந்தால், மற்ற நான்கையும் விட்டுவிட்டு இந்த ஐந்தாவது தாளை மட்டும் எடுத்துப் பாருங்கள்.